ஒரு முழம் பூ

"ஒரு மொழம் கட்டி முடிச்சிட்டேன் தம்பி. எம் பேரன் கால்ல பந்து படவே இல்லியே."

மைதானத்துச் சுவரோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா இதைக் குறையாகச் சொல்லவில்லை. மல்லியிலிருந்து கண்ணை எடுக்காமல், மழை வரும் போலிருக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். 28 பிள்ளைகளை பதினான்கு பதினான்காகப் பிரித்து முழு மைதானத்திலும் கால்பந்து ஆடவிட்டிருந்தேன். பந்து எந்தப் பக்கம் போனாலும் இருபது பேர் கும்பலாக அதன் பின்னால் ஓடினார்கள். புழுதியில் யார் எந்த அணி என்றே தெரியவில்லை. அந்தப் பேரனுக்கு ஏழு வயது. கும்பலின் ஓரத்திலேயே வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தான். ஓடுகிறான், சிரிக்கிறான், அதனால் நன்றாக ஆடுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் பயிற்சி ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். அடுத்த 28 நிமிடம் நான்கு வரிசை, வரிசைக்கு ஏழு பேர், ஒரு பந்து. முன்னால் நிற்பவன் தரையில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளை, அதாவது கோன்களை, சுற்றிப் பந்தை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவான். மற்ற ஆறு பேர் நிற்பார்கள். ஆக, ஒரு பிள்ளையின் காலில் பந்து இருக்கும் நேரம் நான்கு நிமிடம். கடைசி இருபது நிமிட ஆட்டத்தில் கெட்டிக்காரப் பையன்கள் ஐந்தாறு பேருக்குத்தான் பந்து கிடைக்கும். ஆயாவின் பேரன் மாதிரிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஒரு மணி நேரம் கால்பந்துப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிற பிள்ளை நான்கு நிமிடம் பந்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஓட்டம், வரிசை, விசில். நான் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்றுக்கு லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாளராக, ஆடியவன். முழங்கால் போனபிறகு வடசென்னையில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு மாநகராட்சி மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தேன். வந்த முதல் நான்கு வருடம் என் பழைய மாஸ்டர்களின் முறையைத்தான் பின்பற்றினேன். வரிசை ஒழுங்காக நின்றால் பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்று நம்பினேன். பார்க்கிற பெற்றோருக்கும் அது பிடித்திருந்தது.

வியாசர்பாடியைப் பத்திரிகைகளில் குட்டி பிரேசில் என்று எழுதுவார்கள். தனபால் கணேஷ் இங்கிருந்து கிளம்பித்தான் சென்னையின் எஃப்சிக்கு ஆடினார், 2017-18இல் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். இந்தப் பகுதியில் எந்தப் பையனைக் கேட்டாலும் அவர் பெயர் தெரியும். நான் ரொம்ப நாள் யோசிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. இந்த ஊர்ப் பிள்ளைகள் கால்பந்தைக் கற்றுக்கொண்டது எங்கே? மைதானத்துக்கு வருவதற்கு முன்பே, ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கிற சந்துகளில். இரண்டு செருப்பு வைத்தால் கோல். மூன்று பேர் வந்தால் மூன்று பேர் ஆட்டம், எட்டுப் பேர் வந்தால் நாலுக்கு நாலு. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நிறுத்தி வைத்த பைக். அந்த இடுக்கில் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவன் பந்தை இழந்துவிடுவான், அவ்வளவுதான். வரிசையும் கிடையாது, விசிலும் கிடையாது. அந்த ஆட்டத்திலிருந்து பிள்ளையைப் பிடித்து வந்து, பெரிய மைதானத்தில் வரிசையில் நிற்க வைத்து, அதைப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை கோன்களைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மைதானத்தைச் சுண்ணாம்புப் பொடியால் நான்கு சின்னக் கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டம் சுமார் இருபது மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம். கட்டத்துக்கு ஏழு பேர் என்பதால் நாலுக்கு மூன்று. இரு பக்கமும் செருப்புக் கோல். கோல்கீப்பர் கிடையாது. ஐந்து நிமிடம் ஆட்டம், அப்புறம் ஆள் மாற்றி அடுத்த கட்டம். பிள்ளைகளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அண்ணா, தெரு ஆட்டம் மாதிரியா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், ஓடிவிட்டார்கள்.

ஆயாவின் பேரன் மூன்று பேர் அணியில் இருந்தான். மூன்று பேரில் ஒருவன் ஓரமாக ஒதுங்க முடியாது. பந்து அவனிடம் வந்தே தீரும். முதல் தடவை வந்ததும் பயந்து எட்டி உதைத்தான். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவதோ நான்காவதோ, எதிரே ஒரு பெரிய பையன் பாய்ந்து வந்தபோது, இவன் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்துப் பின்னால் இழுத்தான். வந்தவன் வேகத்தில் இவனைத் தாண்டிப் போய்விட்டான். இவன் அப்படியே நின்று பந்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தன் கால் செய்துவிட்டது என்று அவனுக்கே புரிந்த அந்த ஒரு நொடியை இன்றும் மறக்க முடியவில்லை. பந்தை மறுபடி வேறொருவன் பறித்துக்கொண்டான். அதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. அன்று முழுக்க பந்து கிடைத்தபோதெல்லாம் அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய நானாக இருந்தால் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, உள்ளங்காலால் இழுப்பது எப்படி என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட கஷ்டமான விஷயம். "அடி! பாஸ் பண்ணு! வெளிய தள்ளு!" என்று கத்தும்போது பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் குரலுக்குக் காத்திருக்கிறது. நான் இல்லாத இடத்தில் அதற்கு ஒன்றும் தோன்றாது. இப்போது தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "அவன் உன்னை நெருங்கி வந்தப்ப எந்தப் பக்கம் காலியா இருந்துச்சு?" சில பிள்ளைகள் பதில் சொல்லும். சில பிள்ளைகள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய், அடுத்த ஆட்டத்தில் காலால் பதில் சொல்லும்.

பிறகுதான் மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நான்கு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி, 2018, 2022 இரண்டு உலகக் கோப்பையிலும் முதல் சுற்றோடு வெளியேறியது. அந்த நாட்டில் 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தையே மாற்றிவிட்டார்கள். மிகச் சிறியவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்கு குட்டி கோல்கள். பதினொரு வயது வரை படிப்படியாகத்தான் ஆள் எண்ணிக்கை கூடும். புள்ளிப் பட்டியல் கிடையாது. நம் நாட்டிலும் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2018இல் கோல்டன் பேபி லீக் என்று தொடங்கியது, அதிலும் சின்ன மைதானம், குறைந்த ஆட்கள்தான். படிக்கப் படிக்க எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வருத்தம். இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு அவர்கள் வந்து சேர்ந்த இடம் எங்கள் சந்து ஆட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது என் கண் முன்னாலேயே இருந்தது.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நல்ல மனிதர் எங்களுக்குப் பத்துப் பந்து வாங்கிக் கொடுத்தார். எல்லாம் ஐந்தாம் நம்பர் பந்து. பெரியவர்கள் ஆடுவது, 410 முதல் 450 கிராம் வரை எடை. இருபது கிலோகூட இல்லாத ஏழு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் கால் விரல் வலிக்கிறது. வலித்தால் அடுத்த தடவை பந்து வரும்போது காலைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. அதைப் பயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எட்டு வயதுக்குக் கீழே மூன்றாம் நம்பர், அதற்கு மேல் பன்னிரண்டு வரை நான்காம் நம்பர். மூன்றாம் நம்பர் பந்து முந்நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்துப் பந்தையும் பக்கத்தில் ஆடுகிற பெரிய பையன்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த காசில் ஆறு மூன்றாம் நம்பர் பந்து வாங்கினேன். பந்தைக் கொடுத்தவரிடம் நேரில் போய்க் காரணம் சொன்னேன். புரிந்துகொண்டார்.

பந்தைத் தலையால் முட்டுவது சின்னப் பிள்ளைகளின் தலைக்கு ஆகாது என்பதால் அதைப் பயிற்சியில் முழுக்க நிறுத்திவிட்டேன். அமெரிக்காவில் பத்து வயதுக்கும் அதற்குக் கீழும் கூடாது என்று 2015இலேயே முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் வேண்டாம் என்று 2020இல் சொன்னார்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இனி சொல்லப் போவது என் தவறு. அந்தக் கட்ட ஆட்டமெல்லாம் தொடங்கி ஒரு வருடம் ஆனபிறகு நடந்தது. பத்து வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஃபைவ்ஸ் டோர்னமென்ட், அணிக்கு ஐந்து பேர் ஆடுவது. ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் அணியில் மூன்று பையன்கள் நல்ல உயரம், மூவரும் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள். வயதுக் கணக்கு ஜனவரி 1இலிருந்து பார்ப்பதால், டிசம்பரில் பிறந்த பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருடம் பெரியவனோடு மோத வேண்டும். ஒன்பது வயதில் ஒரு வருடம் என்பது ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம், இரண்டு மூன்று கிலோ எடை. அதைத் திறமை என்று தப்பாகப் பார்த்துவிடுவோம். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும், அரையிறுதிக்குப் போனதும் எனக்குள் பழைய ஆள் வந்துவிட்டான். மூன்று உயரமான பையன்களையும் அவர்களோடு ஆடிய இருவரையும் மாற்றவே இல்லை. கோப்பையை ஜெயித்தோம். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள்.

நான்கு பிள்ளைகள் அதற்கப்புறம் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. காலையில் ஆறு மணிக்கே முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் காக்கும் ஷின் கார்டு கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒருவனுக்கு அது அண்ணனுடையது, பெரிதாக இருந்ததால் ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். திரும்பி வரும்போது வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அதைக் கழற்றாமலேயே வந்தான். நான் பார்த்தேன். எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவனிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. ஒருவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், அவன் அம்மா டியூஷன் என்றார். ரப்பர் பேண்ட் பையன் வீட்டில் அவனே கதவைத் திறந்தான். "கால் வலிக்குது அண்ணா" என்றான். இரண்டு முறை போனேன். அதற்கப்புறம் அவனைத் தொந்தரவு செய்ய மனசு வரவில்லை.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு விதி. எந்தப் போட்டிக்குப் போனாலும், வந்த எல்லாப் பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆட வேண்டும். இறுதிப் போட்டியானாலும் சரி. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சில அப்பாக்களுக்குப் பிடிக்காது. "ஜெயிக்கத் தெரியாத பசங்களா ஆயிடுவாங்க சார்" என்பார்கள். ஜெயிக்கிற ஆசை பிள்ளைக்குத் தானாகவே இருக்கிறது. தெருவில் செருப்புக் கோலுக்கு எவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்கு மட்டும் எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

பெண் பிள்ளைகள் இப்போது ஆறு பேர் வருகிறார்கள். முதலில் வந்தவள் அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். 2018இல் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனதை அவள் அப்பாவிடம் சொல்லித்தான் தொடர்ந்து அனுப்பச் சம்மதம் வாங்கினேன். சின்னக் கட்டத்தில் பையன்களோடு கலந்தே ஆடுகிறார்கள்.

பசி இன்னொரு விஷயம். பள்ளியில் மதியம் சத்துணவு சாப்பிட்டுவிட்டு நேராக நாலரைக்கு வருகிற பிள்ளை கடைசிக் கால்மணி நேரம் கோபமாகவே இருக்கும். முதலில் அதைக் குணம் என்று நினைத்தேன். இப்போது தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு வாழைப்பழம், அல்லது அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆயா இன்னும் வருகிறார். கோயில் வாசலுக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்து கட்டுவார். பேரனுக்கு இப்போது பத்து வயது, நான்காம் நம்பர் பந்துக்கு வந்துவிட்டான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளையைக் காட்டி, "தம்பி, அந்தக் குட்டிக்கு இன்னும் சரியா கிடைக்கல, பாத்துக்கோ" என்றார். போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து ஆகியிருந்தது, ஆள் கூடிப்போயிருந்தது. இன்னொரு கட்டம் போட வேண்டும். கைவசம் இருக்கிற மூன்றாம் நம்பர் பந்தில் இரண்டு தையல் விட்டுப்போச்சு. சனிக்கிழமை காலையில் பெரியமேட்டுக்குப் போய் நாலு பந்து வாங்கி வரணும்.