அந்தத் தலைப்பை நான் மாத்தியிருக்கலாம்

"அப்போ நாங்கல்லாம் யாரு பேட்டா?"ன்னு அந்த ஆன்ட்டி கேட்டாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல கெடந்து அரிக்குது.

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல் பத்தின கட்டுரை அது. நான் வச்ச தலைப்பு "யூதப் பொண்ணே இல்லாத யூதப் பள்ளி". தகவல்னு பாத்தா ஒரு எழுத்து தப்பில்ல. 1881ல ஆரம்பிச்ச ஸ்கூல், பாக்தாத் பக்கத்துலேந்து வந்து குடியேறின பாக்தாதி யூதக் குடும்பத்துப் பொண்ணுங்க மிஷனரி ஸ்கூலுக்குப் போனா மதம் மாத்திடுவாங்களோங்கற பயத்துல அந்த சமூகம் தனக்குன்னு உண்டாக்கிக்கிட்டது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பர்மாலேந்து தப்பிச்சு வந்தவங்களையும் சேத்து ஊர்ல சில ஆயிரம் யூதர்கள் இருந்தாங்க, 1947ல இந்திய சுதந்திரம், 1948ல இஸ்ரேல் உருவானது, இதுக்கெல்லாம் அப்புறம் லண்டன், இஸ்ரேல், ஆஸ்திரேலியான்னு குடும்பம் குடும்பமா கெளம்பிட்டாங்க. இப்போ அங்க படிக்கறதுல முஸ்லிம் பொண்ணுங்கதான் அதிகம். ஆன்ட்டியும் அப்படி அங்க படிச்ச முஸ்லிம் பொண்ணுதான், அவங்க பொண்ணும் அதே ஸ்கூல்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க சொன்னதை சரியா எழுதியிருக்கேனான்னு கேக்கத்தான் போனேன். தலைப்புலேந்து படிச்சேன். அவங்க எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டு வந்து தொறந்தாங்க, உள்ள பழைய யூனிஃபார்ம்லேந்து வெட்டி எடுத்த பேட்ஜ், யூதர்களோட அடையாளமான ஆறு முனை நட்சத்திரம், ஒரு முனைல மட்டும் நூல் பிரிஞ்சிருந்துச்சு. அதை மேஜை மேல வச்சு விரலால நீவிக்கிட்டே, "ஆளில்லாத வீட்டைப் பத்தி எழுதற மாதிரி எழுதியிருக்கியே, அந்தக் கிளாஸ்ல நான் உக்காந்திருந்தேனே"ன்னாங்க. அப்புறம்தான் அந்தக் கேள்வி.

நான் சொன்ன பதில், "தலைப்பெல்லாம் எடிட்டர் கைல ஆன்ட்டி." பொய். எடிட்டர்கிட்ட நான் கேக்கவே இல்ல. ஒரு ஃபோன் போட்டிருந்தா மாத்தியிருப்பாரு, தலைப்பு நல்லா வந்திருக்குங்கற ஆசைல நான்தான் விட்டுட்டேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு இப்பவும் தோணுது. பயந்து பயந்து தன் பொண்ணுங்களுக்குன்னு ஒரு ஸ்கூலை உண்டாக்கின சமூகம் அங்கேந்து போயிடுச்சுங்கறதை சொல்லாம விட்டா அது அவங்களுக்குப் பண்ற துரோகம் இல்லயா. ஆன்ட்டியும் அதை மறுக்கல.

ஆனா அதே கட்டுரைல 1884ல கட்டின மாகென் டேவிட் சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) பத்தி ஒரு பாரா இருக்கு, அதைத் தலைமுறையா பாத்துக்கறது முஸ்லிம் குடும்பங்கள்னு அவ்ளோ பெருமையா எழுதியிருக்கேன். இப்போ திரும்பப் படிச்சா அந்த பாராதான் உறுத்துது. வெளக்கேத்தி, கூட்டிப் பெருக்கிப் பாத்துக்கறவங்கன்னா எனக்கு எழுத வருது, அங்க படிச்சு இது என் ஸ்கூல்னு சொல்றவங்கன்னா எழுத வரல. ஆன்ட்டி தன்னைக் காவலுக்கு நிக்கற ஆளா நினைக்கல, அந்தப் பேட்ஜ் அவங்களோடது. இது அன்னிக்கே புரிஞ்சிருந்தா தலைப்பை மாத்தியிருப்பேனா? மாத்தியிருப்பேன்னுதான் சொல்ல ஆசை, உறுதியா சொல்ல முடியல.

கட்டுரை வந்ததும் ரெண்டு காப்பி அனுப்பச் சொல்லியிருந்தாங்க, ஒண்ணு பொண்ணுக்கு. கவர்ல போட்டு அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் கூட ஒட்டிட்டேன். என் அலமாரிலதான் இருக்கு.