ராத்திரி ரெண்டு மணித் தோசை

நியூ ஜெர்சியிலிருந்து அண்ணன் குடும்பம் ஜூலை மாதம் திருநெல்வேலி வந்தது. ஆட்கள்தான் வந்தார்கள், பசியும் தூக்கமும் அங்கேயே தங்கிவிட்டன.

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் 'கடக் முடக்' என்று சத்தம். பூனை என்று அப்பா துடைப்பத்தோடு போனால், பேரன்கள் முறுக்கு டப்பாவை நடுவில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். "தாத்தா, பசிக்குது."

அவர்கள் மேல் தப்பில்லை. நமக்கு ராத்திரி இரண்டு என்றால் அங்கே சாயங்காலம் நாலரை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தீனி தேடுகிற நேரம். அம்மா எழுந்து தோசைக்கல்லைப் போட்டாள். மறுநாளும் போட்டாள். அப்புறம் அப்பாவும் ஒரு தட்டோடு வந்து உட்கார ஆரம்பித்தார். விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, "வீட்ல யாருக்கும் உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார்.

பகலில் கதை தலைகீழ். பெரியப்பா வீட்டு விருந்தில் மதியம் ஒரு மணிக்கு இலை போட்டார்கள். அண்ணன் உடம்புக்கு அது அதிகாலை மூன்றரை. சாம்பார் சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, தலை மட்டும் மெல்ல இறங்கி அப்பளத்தை நொறுக்கியது. "இவனுக்கு நம்ம சாப்பாடெல்லாம் எங்க பிடிக்கும்" என்று பெரியப்பாவுக்கு ஒரே வருத்தம்.

மூளைக்குள் இருக்கும் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கொத்துதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அதுவும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இங்கே வித்தியாசமோ ஒன்பதரை மணி! பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்க வைக்காமல் பிள்ளைகளை வெளியே விடச் சொன்னேன். "வெயில்ல கருத்துப் போவாங்க" என்று அம்மா தடுத்துவிட்டாள். இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நடுராத்திரியில் தோசை சுட்டவளுக்கு ஒன்றும் இல்லை.

ஒருவழியாகப் பேரன்கள் ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தபோது விடுமுறை முடிந்துவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், ராத்திரி இரண்டு மணிக்கு டாண் என்று விழித்த அப்பா வீடியோ கால் போட்டார். அண்ணி கிசுகிசுத்தாள்: "பிள்ளைங்க தூங்குறாங்க மாமா."

அப்பாவுக்கு வந்ததே கோபம். "சாயங்காலம் நாலரை மணிக்கு என்னம்மா தூக்கம்?"