டேப்லெட்டைத் திருப்பினால் ஐகான் எங்கே போகிறது?

நாலு மாதமாக டேப்லெட்டுக்கு ஒரு முகப்புத் திரை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் இது பெரிய வேலையாகவே தோன்றவில்லை. போனுக்குச் செய்த திரை கையில் இருக்கிறது, அதையே கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்கினால் ஆச்சு என்றுதான் இருந்தேன். முதல் மாதிரியை அம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நெட்டுவாக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், படுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று குறுக்குவாக்கில் திருப்பினார். ஐகான்கள் எல்லாம் குடுகுடுவென்று இடம் மாறின. "இங்கதானடா இருந்துச்சு, எங்க போச்சு?" என்றார். மறுபடி திருப்பினார், கண்டுபிடித்தார், படுக்காமலே உட்கார்ந்து பார்த்தார்.

இது என் மாதிரியில் மட்டும் இருந்த கோளாறு இல்லை. 2010இல் வந்த முதல் ஐபேடிலேயே உண்டு. நெட்டுவாக்கில் வரிசைக்கு 4 ஐகான், 5 வரிசை. குறுக்கே திருப்பினால் வரிசைக்கு 5, 4 வரிசை. இரண்டிலும் இருபதுதான், கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நெட்டுவாக்கில் இரண்டாவது வரிசையின் இடது ஓரத்தில் இருந்த ஐந்தாவது ஐகான், திருப்பியதும் முதல் வரிசையின் வலது ஓரத்துக்குப் போய்விடும். தினமும் பத்துத் தடவை தொடும் ஆப்பின் படத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது. அந்த இடத்தையே மாற்றிவிட்டால், ஐகானை எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் தேடத்தான் வேண்டும்.

சரி, எப்படித் திருப்பினாலும் மாறாத வடிவம் எது? சதுரம். திரையின் குட்டைப் பக்க அளவுக்கு ஒரு சதுரம் எடுத்து, அதற்குள் 4க்கு 4 என்று ஐகான்களை வைத்துவிட்டேன். 16:10 திரை என்றால் 10க்கு 10 சதுரம் போக 10க்கு 6 பட்டை ஒன்று மிஞ்சும். நெட்டுவாக்கில் அது கீழே, குறுக்குவாக்கில் வலப்பக்கம். கடிகாரம், நாட்காட்டி மாதிரி விட்ஜெட்டுகள் அதில்தான். ஒரு பக்கத்துக்கு 16 ஐகான்தானா, இவ்வளவு இடத்தை வீணாக்குகிறாயே என்று கூட வேலை செய்பவர் இன்னமும் முணுமுணுக்கிறார், அவருடைய டேப்லெட்டில் ஏழு பக்கத்துக்கு ஆப்புகள் இருக்கின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் கட்டைவிரல். டேப்லெட்டைக் குறுக்காக இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், விரல் சுலபமாகப் போவது இரண்டு ஓரங்களுக்குத்தான். நடுவில் எதையாவது தொட வேண்டுமென்றால் ஒரு கையை எடுத்தாக வேண்டும். ஆனாலும் டாக்கை, அதாவது அடிக்கடி தொடும் ஆப்புகள் எப்போதும் நிற்கும் வரிசையை, கீழே நடுவில்தான் வைப்போம், போனில் அப்படி இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2011இல் டேப்லெட்டுக்கென்றே வந்த ஆண்ட்ராய்டு ஹனிகோம்பில் பேக், ஹோம் பட்டன்கள் கீழே இடது மூலையிலும் அறிவிப்புகள் வலது மூலையிலும் இருந்தன, கட்டைவிரல் இருக்கும் இடத்திலேயே. அடுத்த வருடமே 4.2 பதிப்பில் போன் மாதிரி பட்டன்களை நடுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான். என் வடிவத்தில் டாக் அந்த விட்ஜெட் பட்டையின் வெளி ஓரத்தில் இருக்கிறது, அதாவது குறுக்குவாக்கில் வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில். இடது கைக்காரர்களுக்குப் பக்கம் மாற்றிக்கொள்ள ஒரு செட்டிங்.

தொடும் பரப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு குறைந்தது 48 டிபி (திரை அளவைக் குறிக்கும் அதன் அலகு) என்கிறது, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். ஆப்பிள் தன் அலகில் 44 பாயிண்ட். திரை பெரிது என்பதற்காக ஐகானை ஊதிப் பெரிதாக்காமல் இடைவெளியைக் கூட்டினேன், தவறான ஐகானில் விரல் படுவது அதிலேயே குறைந்தது.

ஓரத்திலிருந்து இழுத்தால் மெனு வரும் என்கிற மாதிரி மறைவான வித்தைகளை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டு ஓரங்களை நம்பியது. ஜனங்கள் திணறினார்கள், அடுத்த வருடம் 8.1இல் பட்டன் திரும்பி வந்தது.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது எழுத்தில். எழுத்தைப் பெரிதாக்கியதும் 'புகைப்படங்கள்' என்பது 'புகைப்ப…' என்று நின்றுவிடுகிறது. இரண்டு வரி கொடுத்தால் நாலாவது வரிசை சதுரத்துக்கு வெளியே போகிறது. 4க்கு 3 ஆக்கிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன், முணுமுணுப்பவரிடம் இன்னும் சொல்லவில்லை.