“பிள்ளை அப்படித்தான், டீச்சர்”

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையிலுள்ள ஆற்றங்கரை ஊர்களில், பள்ளிக்கு நாள்தோறும் வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கே சென்று பயிற்சி அளிக்கும் சிறப்பாசிரியையாகப் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் நான் மிகுதியாகக் கேட்டது ஒரே வாக்கியம். பிள்ளை நடக்கத் தாமதித்தாலும், மதியத்தில் சுருண்டு படுத்தாலும், கூப்பிட்டதும் திரும்பாவிட்டாலும், “பிள்ளை அப்படித்தான், டீச்சர்” என்று விடை வரும். நெடுங்காலம் அந்த வாக்கியத்தை வீட்டாரின் அறியாமை என்றே எண்ணியிருந்தேன். என் பதிவேட்டிலும் அதையேதான் வேறு சொற்களில் எழுதி வந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் இங்கே சொல்வது அவர்களில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றி; பிறவியிலேயே வந்து, வளர்ச்சியையும் கற்றலையும் தாமதப்படுத்தும் நிலை அது. அதன் பெயரிலிருந்தே குழப்பம் தொடங்கும். மருத்துவமனைச் சீட்டில் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்று இருந்ததைப் படித்துக் காட்டியபோது ஓர் ஆச்சி, “நாங்க டவுன் பக்கமே போகலியே தாயி, இது எங்கேருந்து வந்துது?” என்று கேட்டார். நெல்லையப்பர் கோயில் இருக்கும் டவுனைத் தவிர வேறொரு டவுனை அவர் அறியார். 1866-இல் இதை விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் அது என்று சொன்னதும், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததற்குக் காரணம் வேறு. கிரகணத்தன்று வெளியே வந்தாள், மாமன் மகனைக் கட்டினாள் என்று அந்த வீட்டில் அவள்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் ஏற்கெனவே இருந்தன.

உடலின் உயிரணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருப்பதும், கூடுதலாக இருப்பது 21-ஆவது என்பதும் 1959-இலேயே அறியப்பட்டவை. பெரும்பாலும் கரு உருவாவதற்கு முன்பே, கருமுட்டை உருவாகையில் குரோமோசோம்கள் பிரியும்போது தற்செயலாக நேரும் பிசகு இது. சொந்தத்தில் கட்டியதாலோ கிரகணத்தாலோ வருவதன்று. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மையே என்றாலும், நான் பார்த்த தாய்மார்களில் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். மிகச் சில குடும்பங்களில் மட்டும் பெற்றோரிடமிருந்து இது கடந்து வரக்கூடும் என்பதால்தான் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இதையெல்லாம் நான் தாயிடம் தனியாகச் சொல்வதில்லை. மாமியார் அருகில் இருக்கும்போது, தகப்பனைப் பார்த்தே சொல்வேன். ஒரு தகப்பனார் அந்தப் பரிசோதனைத் தாளை நகல் எடுத்து, பேச்சு எழும்போதெல்லாம் காட்டுவதற்கென்று பீரோவில் வைத்துக்கொண்டார்.

என் பிழைக்கு வருகிறேன். பீடி சுற்றும் வீடு அது. தாய் மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பாள். ஐந்து வயதுப் பையன் சுவரோரம் உட்கார்ந்து, நனைத்து வெட்டிய இலையின் ஓரத்துணுக்குகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சொல்லிக்கொடுத்த சொற்களும் இரண்டுக்கு மேல் ஏறவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து ‘கவனக்குறைவு, பிடிவாதம்’ என்று எழுதினேன். மூன்றாம் வகுப்புப் படித்த அவன் அக்காள்தான் ஒருநாள், “டீச்சர், அவன் டிவிப் பொட்டியில காத ஒட்டி வச்சுக்கிட்டுத்தான் பாட்டு கேப்பான்” என்றாள். இப்பிள்ளைகளுக்குக் காதின் உட்குழாய் குறுகலாக இருப்பதால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும் என்பது பயிற்சிக் காலத்தில் நான் தேர்வெழுதிய பாடம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் நீர் இருந்தது. சிறு குழாய் வைத்து அதை வடித்த பிறகு, தெருவிலிருந்து தாய் “எய்யா” என்று கூப்பிட்டதற்கு அவன் திரும்பியதை நான் பார்த்தேன். சுளவைக் கீழே வைத்துவிட்டு அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை. அந்த மூன்று மாதப் பக்கங்களை நான் கிழிக்கவில்லை. அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி வைத்தேன்.

அதன்பிறகு ‘அப்படித்தான்’ என்ற சொல் காதில் விழுந்தாலே, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். வகுப்பில் தூங்கி வழிந்த பதினோரு வயதுப் பெண்ணுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்கிய கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கிறது. பிறந்த உடனேயே எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். எட்டு வயதாகியும் தானாகச் சாப்பிடத் தெரியாதவனுக்கு மட்டும் உடலில் ஒரு குறையும் இல்லை. ‘பாவம்’ என்று ஆச்சி ஊட்டிக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். அந்த ஆச்சியின் கையைத் தடுப்பது இதய மருத்துவரிடம் அனுப்புவதைவிடக் கடினமாக இருந்தது.

மருத்துவமனைக்கு ஏன் உடனே போகவில்லை என்று கேட்பது எளிது. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். ஒருநாள் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தால் அந்தக் கணக்கு விழுந்துவிடும், பேருந்துச் செலவும் சேரும். மாற்றுத்திறனாளிக்கான அரசு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் என்பது இத்தகைய பயணங்களுக்கே சரியாகிவிடும். அந்தத் தொகையைப் பெறுவதற்கான அடையாள அட்டைக்கு முகாமில் ஒருநாள், கையெழுத்துக்கு ஒருநாள் என்று அலைவதும் இவர்களேதான். பிள்ளை வளர்ந்த பிறகு, பெற்றோர் இல்லாத காலத்தில் யார் பார்த்துக்கொள்வார் என்று கேள்வி மாறுகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயதானவருக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு சட்டப் பாதுகாவலரை அமர்த்தும் என்று விளக்கினால், “பேப்பர்ல யாரு பேரு வேணும்னாலும் எழுதலாம் டீச்சர், சோறு யாரு போடுவா?” என்கிறார்கள். அதற்கு என்னிடம் படிவம் கிடையாது.

காதில் குழாய் வைத்த பையனுக்கு இப்போது பதின்மூன்று வயது. சென்ற வாரம் போனபோது அவனுடைய தைராய்டுப் பரிசோதனைக்கு நாள் வந்திருந்தது. ஆண்டுக்கொரு முறை அதை நான் நினைவூட்ட வேண்டிய தேவை இப்போது இல்லை. பரிசோதனைக்குப் போகும் வியாழக்கிழமையின் பீடிக் கணக்கு விழாமல் இருக்க, தாய் இரண்டு நாள் இலையைச் சேர்த்து நனைத்து வைத்திருந்தாள். நான் அவளிடம், “அவன் ஊசிக்கு அழுவானா?” என்று கேட்டேன். வாசற்படியில் இருந்த அவன் திரும்பி, “நான் அழ மாட்டேன். அம்மாதான் அழுவா” என்றான். அவனிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.