சன்-ஜாவின் மூன்று பெண்கள்: சுவோன் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 14, சனி

கொரியாவின் அறுவடைத் திருநாள், சுசோக் விடுமுறை. எதிர்வீடு, கீழ்வீடு எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. பாதி செப்டம்பர் போய்விட்டது, வெயில் குறைந்தபாடில்லை. இவருக்கு இரவு வேலை. மேல்வீட்டுப் பாட்டி மட்டும் இறங்கி வந்து, "வயிற்றுப்பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து எதையாவது நினைக்காதே, இதைப் பார்" என்று என் போனில் ஒரு தொடரைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போனார். 'உலகிலேயே அழகான என் மகள்'. 2019 மார்ச் முதல் செப்டம்பர் வரை கொரியத் தொலைக்காட்சி கேபிஎஸ் 2இல் சனி, ஞாயிறு இரவுகளில் வந்தது. 108 பகுதிகள், ஒவ்வோர் இரவும் இரண்டு. நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போட கேபிஎஸ் போன்ற நிலையங்களுக்கு அப்போது அனுமதி இல்லை. அதனால் ஒரு நாள் கதையை இரண்டாகப் பிரித்து, இடைவெளியில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். பாட்டனிலிருந்து பேத்திவரை ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கும் வகை. நான் தனியாகப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 15

தொடரின் அம்மா சன்-ஜா மகளைத் திட்டிக்கொண்டே மகள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிறாள். திட்டு நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. என்னை வளர்த்த பெரியம்மாவேதான்.

செப்டம்பர் 19

என் பிரசவத்துக்குப் பெரியம்மா வருவது பற்றி அவள் மூத்த மகள் பெரியக்கா பேசினாள். "அம்மா மூன்று மாதம் அங்கே வந்துவிட்டால் என் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது?" நியாயமான கேள்வி. அதனால்தான் இரவெல்லாம் தூக்கமில்லை.

தொடரில் மூத்தவள் மி-சன் வங்கியில் வேலை செய்கிறாள். சன்-ஜா அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, துணி மடித்து, பேத்தி தா-பின்னைக் கவனித்துவிட்டு, தன் கடைக்கு ஓடி வருகிறாள். கடையில் சொல்லொங்தாங். மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, வெள்ளை வெளேரென்று சாறு இறங்கியபின் பரிமாறுவது. அடுப்பை விட்டு அகல முடியாத தொழில். கணவனை இழந்தவள் அந்த அண்டாவை வைத்துத்தான் மூன்று பெண்களை ஆளாக்கியிருக்கிறாள்.

மி-சன்னின் மாமியார், பேத்தியை வளர்ப்பது தன் வேலை இல்லை என்று ஒதுங்கி நிற்கிறார். பாட்டிக்கு அந்த மாமியாரைக் கண்டாலே ஆகாது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஒரு பெண் வேலைக்குப் போக இன்னொரு பெண்ணின் முதுகு ஒடிய வேண்டும் என்ற கணக்கை அந்த அம்மாளா போட்டார்? வீட்டில் கணவன் ஜின்-சு என்று ஒருவன் இருக்கிறானே, அவனை ஏன் யாரும் கேட்கவில்லை? பெரியத்தானையும் யாரும் கேட்டதில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன்.

அக்டோபர் 3

பெரியம்மாவின் விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அழைக்கப்படுபவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு, அதற்கு என்ன சான்று?

கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் என்னைப் பெற்றவருடைய பெயர் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழிலும் அவர்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பாதுகாவலர் என்று பெரியப்பாவின் பெயர். பெரியம்மா எந்தத் தாளிலும் இல்லை. அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தவள், வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி கிண்டியவள், கல்லூரிக் கட்டணத்துக்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தவள். ஒரு தாளிலும் இல்லை.

"அம்மாவை அழைத்தால் ஒரே சான்றிதழில் வேலை முடியும்" என்றார் இவர். வேண்டுமென்று சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 6

உறவுமுறைச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் சின்னக்கா மனு கொடுத்திருக்கிறாள்.

அக்டோபர் 12

நடுவில் உள்ளவள் மி-ரி, சன்-ஜா பெற்ற பெண் இல்லை. பாட்டி இதை முன்பே சொல்லியிருக்கலாம். தெரிந்துதான் கொடுத்தாரா?

சன்-ஜாவின் கொழுந்தன் மகள் அவள். கொழுந்தன் இறந்தபின் அவன் மனைவி இன்-சுக் குழந்தையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, பணக்கார வீட்டுக்கு மறுமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பாக்கள் அண்ணன் தம்பி என்பதால் மூன்று பெண்களுக்கும் காங் என்ற ஒரே குடும்பப் பெயர். இங்கே மணமான பெண்கள் பிறந்தவீட்டுப் பெயரை மாற்றுவதில்லை. சன்-ஜா பார்க், இன்-சுக் ஜொன். வெளியாட்களுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

மி-ரி வளர்ந்து, படித்து, பெரிய குழுமம் ஒன்றில் வேலைக்குப் போகிறாள். அங்கே மேலிடத்தில் இன்-சுக். மி-ரி காதலிக்கும் தே-ஜு அந்தக் குழுமத் தலைவரின் மகன். இன்-சுக் அத்தலைவரின் மறைந்த தம்பியின் மனைவி. கல்யாணம் நடந்தால் பெற்றவள் சின்ன மாமியார் ஆகிவிடுவாள்! எழுதியவர் முடிச்சை இப்படி இறுக்கியிருக்கிறார். கதைக்காக இறுக்கியது என்று தெரிந்தும் மூச்சு முட்டுகிறது. அலுவலகத்தில் யாருக்கும் அசையாத மி-ரி, இன்-சுக்கின் முன்னால் மட்டும் சிறுமியாகிவிடுகிறாள். கிம் சோ-யோன் அதை நடித்திருக்கும் விதத்தைப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பெற்ற பாசம், ரத்த பாசம் என்று இசை எழும்பத் தொடங்கிவிட்டது. மன்னிக்க வைக்கப் போகிறார்கள். வைக்கட்டும். ஆனால் அந்தக் காட்சியில் சன்-ஜாவை எங்கே உட்கார வைப்பார்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 13

என்னைப் பெற்றவர் போன் செய்தார். எடுக்கவில்லை.

அக்டோபர் 27

பாட்டியோடு ரயிலில் போனேன். கர்ப்பிணிகளுக்கான இளஞ்சிவப்பு இருக்கை காலியாகவே இருந்தது. உட்கார்ந்ததும் எதிரே இருந்த பெரியவர் சிரித்துத் தலையசைத்தார், நான் ஏதோ நற்செயல் செய்துவிட்டதுபோல. 2023இல் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. இந்தத் தொடர் வந்த 2019இல் 0.92. பெண்கள் ஏன் பெற்றுக்கொள்ள மறுக்கிறார்கள் என்று செய்தித்தாள்கள் வாரந்தோறும் கேட்கின்றன. மி-சன்னின் வீட்டுக்குள் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் போதும்.

நவம்பர் 3

விசா வரவில்லை.

நவம்பர் 9

சன்-ஜாவுக்கு நுரையீரல் புற்றுநோய். முற்றிவிட்டது.

சன்-ஜாவாக வரும் கிம் ஹே-சுக்கை இந்த நாடே தன் அம்மா என்று சொல்லும். எத்தனையோ தொடர்களில் அம்மாவாகவே நடித்தவர். அந்த முகத்தில் பயம் வருவதைப் பார்த்தேன். அதற்கடுத்த நிமிடமே கவலை கடைக்குட்டி மி-ஹே பக்கம் போய்விடுகிறது. எழுத்தை நம்பி நிற்கும் பெண், அவளை யாரிடம் விட்டுப் போவது என்று.

பெரியம்மா நேற்று போனில் இருமினாள். போன வாரமும் இருமினாள். பெரியக்காவைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடு என்று கத்தினேன். "ஐப்பசி மழையில் ஊரே இருமுகிறதடி" என்றாள். அவள் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி அந்தத் தொடர் வேண்டாம்.

நவம்பர் 11

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. சளிதான். இன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நவம்பர் 15

விசா கிடைத்துவிட்டது! உறவுமுறைச் சான்றை ஏற்றுக்கொண்டார்கள். சின்னக்காவுக்கும் சேர்த்து. பெரியக்காவே சொன்னாள்: "பிள்ளைகளை நானும் அவருமாகப் பார்த்துக்கொள்கிறோம், அம்மாவை அனுப்புகிறேன்." பெரியத்தான் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பாராம்.

பாட்டி மகிழ்ச்சியில் காய்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்கு இங்கே கடற்பாசி சூப்தான் பத்திய உணவு. பிறந்தநாள்தோறும் அதையே குடித்துப் பெற்றவளை நினைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்கும் பாசியை மடிக்கவோ ஒடிக்கவோ கூடாதாம். நீளத்துக்கு அப்படியே அலமாரி மேல் கிடக்கிறது. நேற்று கல்லூரி நுழைவுத் தேர்வு. தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தப் பாசியைத் தொடக்கூட மாட்டார்கள், வழுக்கிவிடுமாம். பெரியம்மாவுக்கும் பாட்டிக்கும் ஒரு வார்த்தைகூடப் பொதுமொழி இல்லை. ஆனாலும் பூண்டுக் குழம்பா, பாசியா என்று இருவரும் சண்டை போடுவார்கள்.

நவம்பர் 19

முடித்துவிட்டேன். சன்-ஜா இறந்துவிட்டாள்.

மன்னிப்பை நான் ஏற்கவில்லை. இன்-சுக்காக வரும் சோய் மியோங்-கில் எவ்வளவு அழகாக அழுதாலும் இன்-சுக்கின் கண்ணீர் மி-ரியின் குழந்தைப் பருவத்துக்கு ஈடாகாது. ஆனால் சன்-ஜா போனபிறகு அந்த மூன்று பெண்களும் ஒருவருக்கொருவர் அம்மாவாகிவிடுவதை நம்புகிறேன். அதை எழுதியவருக்கு வணக்கம். வளர்த்தவளின் வேலை அங்கேதான் தெரிகிறது.

இரவு அவருக்குச் செய்தி அனுப்பினேன். பெரியம்மா வருகிறாள், நீங்கள் வர வேண்டாம், பிறந்ததும் படம் அனுப்புகிறேன். "நல்லது அம்மா" என்று பதில் வந்தது. ஏன் இவ்வளவு பணிவு? சண்டை போட்டிருக்கலாம்.

நவம்பர் 27, புதன்

விடியும்போதே ஜன்னல் தெரியவில்லை. நவம்பரில் இப்படிப் பனி பெய்து பார்த்ததில்லை என்கிறார் பாட்டி. பெரியம்மாவும் சின்னக்காவும் கோலாலம்பூரில். இஞ்சியோன் விமானம் தாமதம் என்று மட்டும் பலகை சொல்கிறதாம். பெரியம்மா காலில் செருப்போடு வருகிறாள்.

நவம்பர் 28, அதிகாலை

சுவோனில் 40 செ.மீ.க்கு மேல் பனி. அவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். இவர் வேலையிடத்திலிருந்து கிளம்பிப் பாதி வழியில் நிற்கிறார். இடுப்பில் வலி வருகிறது, விடுகிறது. பாட்டி கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார். மருத்துவமனை முகவரியைக் கொரிய எழுத்தில் சின்னக்காவுக்கு அனுப்பிவிட்டேன், இறங்கியதும் டாக்சிக்காரரிடம் காட்டட்டும். எங்களுக்குத்தான் டாக்சி கிடைக்கவில்லை. ஆம்புலன்சுக்கு 119ஐ அழைக்கிறேன் என்கிறார் பாட்டி.