எபேனிலிருந்து பாரிஸ் சர்வர்களுக்கு ரன்புக் எழுதிய முறை

சர்வர்கள் பாரிஸில். பார்த்துக்கொள்ளும் குழு மொரிஷியஸில், எபேன் சைபர் சிட்டியில். நிறுவல் கையேடு முன்பே இருந்தது. நடு இரவில் ஏதாவது செயலிழந்தால் பணியில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்கும் இல்லை. அதைப் படிப்படியாகச் சொல்லும் ஆவணம்தான் ரன்புக்.

ஆகவே கட்டமைப்பு விளக்கத்தைத் தொடவில்லை, சர்வரில் கோளாறு வந்தால் தானாக வரும் எச்சரிக்கைகளான அலர்ட்களின் பட்டியலை எடுத்துக்கொண்டோம். ஒரு அலர்ட்டுக்கு ஒரு பக்கம்: முதலில் ஓட்ட வேண்டிய கட்டளை, எல்லாம் சரியென்றால் திரையில் என்ன வரும், எந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டு அடுத்தவரை எழுப்ப வேண்டும். இரண்டாவதைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கட்டளை வேலை செய்ததா என்பதே படிப்பவருக்குத் தெரியாது.

பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால் தேடலில் சிக்காது, எழுத்தாகவே ஒட்டுங்கள். பிரெஞ்சில் அமைத்த சர்வர் பிழையையும் பிரெஞ்சில்தான் சொல்லும். ஆங்கில வாசகம் மட்டும் போதாது, இரண்டும் வேண்டும்.

கட்டளைகளை வேர்டில் எழுதவே எழுதாதீர்கள். நேரான மேற்கோள் குறியை அது வளைத்துவிடும், இரட்டைக் கோட்டை (--) ஒரே நீளக் கோடாக்கிவிடும். மொழி பிரெஞ்சாக இருந்தால் முக்காற்புள்ளிக்கு முன்னால் உடையாத இடைவெளி ஒன்றையும் தானே போடும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளிதான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்கு அது வேறு எழுத்து. பார்க்கச் சரியாக இருக்கும் கட்டளை ஏன் ஓடவில்லை என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிவரும். எல்லாவற்றையும் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவத்துக்கு மாற்றி, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) வைத்தோம்.

அதிக உழைப்பு கேட்டது நேரம். மொரிஷியஸ் ஆண்டு முழுவதும் யுடிசி+4, அதாவது உலகப் பொது நேரத்தைவிட (யுடிசி) நான்கு மணி முன்னே. பாரிஸ் குளிர்காலத்தில் +1, கோடையில் +2. "பேக்கப் 2.30 மணிக்கு" என்றால் எந்த ஊர் 2.30? பாரிஸ் நேரம் என்று குறித்தாலும் தீராது. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் 2-லிருந்து 3-க்குத் தாவுவதால் அன்று 2.30 என்ற நேரமே கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறு 3 மணி மீண்டும் 2 ஆகும், 2.30 இரண்டு முறை வரும். அந்த நாட்களில் வேலை ஓடாமல் போகலாம், இருமுறையும் ஓடலாம். அது வேலைகளைக் குறித்த நேரத்தில் தொடங்கும் ஷெட்யூலர் மென்பொருளைப் பொறுத்தது. வேலைகளை யுடிசிக்கே மாற்றி, பக்கத்தில் மொரிஷியஸ் நேரத்தையும் எழுதினோம்: யுடிசி 00.30, இங்கே 04.30.

சோதனைக்கு வேறு குழுவிலிருந்து ஒருவர், புதிதாக உருவாக்கிய ஒரு விஎம் (மென்பொருளால் அமைத்த மெய்நிகர் கணினி), கையில் ரன்புக் மட்டும். எழுதியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. சோதிப்பவர் தயங்கும் இடமெல்லாம் ஆவணத்தின் ஓட்டை. பெரும்பாலும் அது எழுதியவர் கணினியில் மட்டும் இருக்கும் ஒன்றுதான்: சர்வருக்குள் நுழைய எப்போதோ சேர்த்த எஸ்எஸ்எச் சாவி, நிறுவன வலையமைப்புக்கு ஏற்கெனவே திறந்திருந்த பாதுகாப்பான இணைப்பான விபிஎன். பேக்கப் பக்கத்தை மட்டும், தரவை உண்மையிலேயே மீட்டுப் பார்க்கும்வரை முடிந்ததாகக் கணக்கில் வைக்கவில்லை.

புயல் காலத்தில் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். விபிஎன் கிடைக்காத வீட்டில் நிறுவனத்துக்குள் மட்டும் திறக்கும் விக்கி உதவாது. அதனால் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் கிட்டில் உள்ள அந்தத் தொகுப்பின் நகல் இருக்கும். தொலைபேசி எண்கள் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டும் கொடுத்திருக்கிறோம்.