கன்னம் குழியுதா, பாரு

"சிலோன் பொண்ணுக்குப் பால் இல்லையாம்."

பிரசவ வார்டில் அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த அம்மா மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் அது.

இலங்கை ஹட்டனிலிருந்து கோத்தகிரிக்கு வாக்கப்பட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அங்கே லயம், இங்கே லைன் வீடு. மாமியே 1974ல், பத்து வயதில், தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி வந்தவர்தான். எனக்கு இது வேற்றூராகவே தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் கடலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்துவிட்டேன்.

பால் இல்லாமல் இல்லை. சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தது. ஆனால் மகள் வாய் வைத்தாலே உயிர் போகும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். வார்டில் டியூட்டியில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்று போய்விட்டார். என் வீட்டுக்காரர் வாங்கி வந்த டப்பாவிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து அழுதேன்.

எங்கள் தோட்டத்தில் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, வீடு தேடி வருவார். லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளை குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அக்காவுக்கு அப்படிப் பார்த்தார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள். இங்கே ஒருநாள் "மிஸ்ஸி எப்போ வருவாங்க?" என்று கேட்டபோது, பள்ளிக்கூட டீச்சரைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மிஸ் என்றால் இங்கே டீச்சர்!

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்கு விசா வரவில்லை. வீடியோ காலில்தான் இருந்தார். அம்மா பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஆயாவாக இருபது வருஷம் வேலை செய்தவர்.

"போனைக் கிட்டே பிடி. குடிக்கிறப்போ கன்னம் குழியுதா, பாரு."

குழிந்தது. டக் டக்கென்று சத்தமும் வந்தது.

"வெறும் காம்பைத்தான் சப்புறா. அதான் வலிக்குது. சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடு. நல்லா வாயைத் திறக்கட்டும். கறுப்பு வட்டமும் சேர்ந்து உள்ளே போகணும். நாடி நெஞ்சில் முட்டணும்."

மாமி ஸ்வெட்டர், குல்லா, இரண்டு போர்வை என்று பிள்ளையைப் பொதிந்து வைத்திருந்தார். கோத்தகிரிக் குளிருக்கு அப்படித்தான் செய்யத் தோன்றும். அந்தக் கதகதப்பில்தான் அவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மா சொன்னபடி குல்லாவை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் கழற்றி, என் வெறும் நெஞ்சில் போட்டு, எங்கள் இருவர்மேலும் போர்வையை மூடினார் மாமி. கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டி ஆட்டித் தானாகவே தேட ஆரம்பித்தாள். ஏழெட்டு முறை முயன்றிருப்போம். கடைசியில் கீழுதடு வெளியே மடங்க, கன்னம் உருண்டையாக நின்றது. தொண்டையில் 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம். வலிக்கவில்லை. ஹட்டனில் அம்மா, அடுப்படியில் மாமி, இரண்டு பேரும் பேசவே இல்லை.

மறுநாள் கிராம செவிலியர் வந்து பார்த்தார். 2 கிலோ 900 பிறந்தவள் 2 கிலோ 700 இருந்தாள். முதல் நாட்களில் இவ்வளவு இறங்குவது சகஜம் என்றார். ஒருநாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை கொடுக்கணும், ராத்திரியும் விடக்கூடாது, குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். புண் ஆறும்வரை ஒரு பக்கம் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் பிறந்த எடைக்கு வந்துவிட்டாள். டப்பா பிரிக்காமலே திரும்பிப் போனது.

இப்போது மூன்றரை மாதம். இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. 'கதைக்கிறேன்' போய் 'பேசுறேன்' ஆகிவிட்டது. நேற்றுத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டதும் அவள் வீறிட்டாள். நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து, "அடுத்தது எப்போ மிஸ்ஸி?" என்றேன்.